இங்கிலாந்து கிராமப்புற மாடல் ரயில்: பொம்மை போலத் தெரிவது ஏன், மாற்றுவது எப்படி

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வசிக்கிறீர்கள், 10 அடிக்கு 8 அடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. டபுள் ஓ (OO, நிஜத்தில் 76இல் ஒரு பங்கு) அளவில் ஒரு தொடக்க செட் வாங்கி, 6 அடிக்கு 4 அடிப் பலகையில் நீள்வட்டமாகத் தண்டவாளம் போட்டு, பச்சைத் தூள் தூவி, ரெடிமேட் மரங்கள் சில, ஒரு சர்ச், ஒரு பப் எல்லாம் வைத்தாயிற்று. ஆனால் ரயிலில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே தெரியும் கிராமப்புறம் வரவில்லை, பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கிறது. எந்தப் புல், எந்த மரம் வாங்கினால் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் உண்மையான கேள்வி, இது ஏன் பொம்மை மாதிரி தெரிகிறது என்பது. அதைப் புல்லை மாற்றிச் சரிசெய்ய முடியாது. தண்டவாளம் அதிகமாகவும் நிலம் குறைவாகவும் இருக்கிறது. பலகை தட்டையாக இருக்கிறது. இது எந்த ஊர், எந்த வருடம் என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. இந்த மூன்றும்தான் காரணம். நிஜத்தில் வயலும் வரப்பும் ஓடையும் முதலில் இருந்தன. ரயில் பிறகு வந்து அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. மாடலில் பெரும்பாலானவர்கள் தண்டவாளத்தை முதலில் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் நிலத்தைத் திணிக்கிறார்கள். கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். கீழே எண்களாக நான் சொல்பவை உறுதியானவை. நிறம், பருவம், மின்கட்டுப்பாடு போன்றவற்றில் சொல்வது ரசனையும் அனுபவமும் சார்ந்தது, அங்கங்கே குறிப்பிடுகிறேன். எல்லாமே நீராவிக் காலத்துக் கிளைப் பாதைக்கான பதில். மின்சார ரயில், நகரத்து ஸ்டேஷன் என்றால் கணக்கே வேறு.

முதலில் ஓர் ஊரையும் ஒரு வருடத்தையும் தேர்ந்தெடுங்கள். "இங்கிலாந்து கிராமம்" என்று பொதுவாக ஒன்று கிடையாது. காட்ஸ்வோல்ட்ஸ் என்றால் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடு, கல் அடுக்கிய வேலி. பெனைன் மலைப்பக்கம் என்றால் கறுத்த மணற்கல், மரமே இல்லாத மேய்ச்சல். நார்ஃபோக்கில் சிக்கிமுக்கிக் கல் சுவர். டெவனில் மண்மேட்டின் மேல் வளர்ந்த உயிர்வேலி, பல இடங்களில் செம்மண். இவற்றைக் கலந்தால் எங்கேயும் இல்லாத ஊர் வரும். உதாரணத்துக்கு டெவனின் ஆஷ்பர்ட்டனை எடுத்துக்கொள்வோம். மாடல் ஆட்களுக்கு மிகப் பிடித்த ஸ்டேஷன் அது. டாட்னஸிலிருந்து பக்ஃபாஸ்ட்லி வழியாக வந்த கிளைப் பாதை 1872இல் திறந்தது. பயணிகள் ரயில் 1958இல் நின்றது, சரக்கு 1962இல். பக்ஃபாஸ்ட்லி வரையிலான பகுதியில் இன்றும் நீராவி ரயில் ஓடுகிறது, போய்ப் பார்க்கலாம். அதற்கு மேலே ஆஷ்பர்ட்டன் பக்கத்துப் பாதையை ஏ38 சாலை விழுங்கிவிட்டது. வருடம் ஏன் முக்கியம் என்றால், 14 வரிசை (எண் 14இல் தொடங்கும்) சிறிய டேங்க் என்ஜின் ஒன்றை வாங்குகிறீர்கள், வருடம் 1935 என்று வைக்கிறீர்கள் என்றால் அதன் எண் 48இல் தொடங்க வேண்டும். 14 என்ற எண் 1946இல்தான் வந்தது. 1955 என்று வைத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் அப்போது இந்தப் பாதையை நடத்திவந்த கிரேட் வெஸ்டர்ன் என்ற ரயில் நிறுவனமே இல்லை, 1948இலேயே தேசியமயமாகிவிட்டது. வேகன், பெட்டியின் நிறம், தெருவில் நிற்கும் கார், போஸ்டர் எல்லாம் இந்த ஒரு முடிவைத் தொடர்ந்து தானாக அமையும். கண்டதையும் வாங்குவது நிற்கும், பணமும் மிஞ்சும்.

அடுத்து இடக் கணக்கு. டபுள் ஓவில் 4 மி.மீ. என்பது நிஜத்தில் ஓர் அடி. ஒரு மைல் என்றால் 21 மீட்டருக்கும் மேல். ஆக, எதையும் முழுசாகக் காட்ட முடியாது, குறைத்துத்தான் ஆக வேண்டும். எதைக் குறைப்பது என்பதில்தான் வித்தை இருக்கிறது: ரயிலின் நீளத்தைக் குறையுங்கள், நிலத்தைக் குறைக்காதீர்கள். இதற்குக் கிளைப் பாதை கச்சிதமாகப் பொருந்தும். ஆட்டோ கோச் என்ற பெட்டி சுமார் 240 மி.மீ., 14 வரிசை என்ஜின் 116 மி.மீ.; முழுப் பயணிகள் ரயிலும் 36 செ.மீ.க்குள் முடிந்துவிடுகிறது. அந்தப் பெட்டியின் மறுமுனையில் டிரைவருக்கு ஒரு கேபின் உண்டு; திரும்பும்போது என்ஜின் பின்னாலிருந்து தள்ளும், கழற்றி மாட்ட வேண்டியதில்லை. சரக்கு ரயிலுக்கு 146 மி.மீ. நீளமுள்ள 45 வரிசை என்ஜின், 80 மி.மீ. வேகன் நான்கு, கடைசியில் கார்டு இருக்கும் பிரேக் வேன் ஒன்று: மொத்தம் சுமார் 575 மி.மீ. இதற்கு 600 மி.மீ. தெளிவான லூப் (என்ஜின் ரயிலைச் சுற்றி மறுமுனைக்கு வரும் இணைப்பாதை) போதும். தண்டவாளம் தயாரிக்கும் பெகோ நிறுவனத்தின் நடுத்தர பாயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் துண்டு) ஒன்று 219 மி.மீ.; லூப்பின் இரு முனைக்கும் இரண்டு. கடைசியில் என்ஜின் நின்று திரும்ப 160 மி.மீ., முட்டுக்கட்டை சேர்த்து ஸ்டேஷன் 1250 மி.மீ.க்குள் அடங்கிவிடும்.

இதை 10 அடிச் சுவரில் 600 மி.மீ. அகல ஷெல்ஃப் போல வையுங்கள். மூலையில் 762 மி.மீ. ஆரத்தில் கால் வட்டம் திருப்பி 8 அடிச் சுவருக்குக் கொண்டுபோங்கள். பாதை பலகையின் நடுவில் போகிறது என்று வைத்தால், ஸ்டேஷனுக்கும் வளைவுக்கும் நடுவே 70 செ.மீ. நேர்ப்பாதை, வளைவின் நீளம் 1.2 மீட்டர். அதாவது ஸ்டேஷனைவிட வெறும் நிலம் அதிகம். அந்த 1.9 மீட்டரில் ஒரு சைடிங் (பிரிந்துபோய் முடியும் துணைப்பாதை) கூடப் போடாதீர்கள். கை துறுதுறுக்கும், போடாதீர்கள். எல் வடிவத்தின் உள்மூலையில் வளைவு பலகை விளிம்பை ஒட்டி, சுமார் 11 செ.மீ. தூரத்தில் வரும், அங்கே ஒரு முக்கோணத் துண்டைச் சேர்த்துக்கொண்டால் முன்பக்கமும் நிலம் கிடைக்கும். மூலையில் கை எட்டாது, அதனால் பாயின்ட் எதுவும் அங்கே வேண்டாம். வளைவு முடியும் இடத்தில் ஒரு சாலைப் பாலம். அதற்குப் பின்னால் 1.3 மீட்டர் நீளத்துக்குக் ரயில்கள் ஒளிந்து காத்திருக்க, கண்ணுக்குத் தெரியாத யார்டு. அதற்கு பாயின்ட் வேண்டாம். 750 மி.மீ. நீளப் பிளைவுட் துண்டுகளில் இரண்டு அலுமினிய எல் கோணங்களைத் தண்டவாள இடைவெளியில் ஒட்டி, ரயிலோடு சேர்த்துத் தூக்கி மாற்றும் தட்டுகளாகச் செய்துகொள்ளலாம்.

உங்கள் செட்டில் வந்த வளைவுகள் இந்தத் திட்டத்துக்கு ஆகாது. முதல் ஆரம் 371 மி.மீ., இரண்டாம் ஆரம் 438 மி.மீ. நிஜ அளவில் 438 மி.மீ. என்பது 33 மீட்டர். பயணிகள் ரயில் அப்படித் திரும்பவே முடியாது. மாடல் திரும்பும், ஆனால் பெட்டிகளின் மூலை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கண் அதைத்தான் முதலில் பிடிக்கும். 762 மி.மீ. கூட நிஜத்தைவிடக் கடுமையான வளைவுதான், ஆனால் வெட்டுப் பள்ளத்துக்குள் போனால் உறுத்தாது.

பலகைக்கு 9 மி.மீ. பிளைவுட், 44க்கு 18 மி.மீ. மரச்சட்டம், 300 முதல் 400 மி.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம். சிப்போர்டு வேண்டாம், கனம் அதிகம், ஈரம் பட்டால் உப்பும், நாளாக ஆக நடுவில் தொய்யும். இங்கே முக்கியம், சட்டத்தின் மேல் முழுத் தகடாக மூடிவிடாதீர்கள். தண்டவாளம் போகும் பட்டைக்கு மட்டும் பிளைவுட் வைத்து, அதைச் சட்டத்திலிருந்து 60 முதல் 80 மி.மீ. உயரத்தில் கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்துங்கள். ஸ்டேஷன் பகுதி மட்டும் முழுத் தகடாக இருக்கட்டும். அப்போதுதான் தண்டவாளத்துக்குக் கீழேயும் நிலம் போகும்: ஓடை, கலுங்கு, பள்ளத்து வயல். ரயில் மட்டமாகப் போக, நிலம் மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும். தட்டைப் பலகையில் மலை ஒன்றை ஒட்டவைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் பூச்சாலும் ஈடுகட்ட முடியாது. தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் வைத்தால், நாற்காலியில் உட்காரும்போது நிஜ மனிதன் பார்க்கும் கோணம் கிட்டத்தட்டக் கிடைக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் பொம்மைதான்.

தண்டவாளத்தில் ஒரு பழைய வில்லங்கம் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். டபுள் ஓவில் வண்டி 1:76 அளவு, ஆனால் 16.5 மி.மீ. பாதை 1:87க்கு உரியது. பிரிட்டிஷ் என்ஜின்கள் ஐரோப்பிய என்ஜின்களைவிடச் சிறியவை. அந்தக் காலத்து மோட்டார் உள்ளே கொள்ளவில்லை என்பதால் உடம்பை மட்டும் பெரிதாக்கினார்கள், பாதை அப்படியே தங்கிவிட்டது. கணக்குப்படி 18.83 மி.மீ. இருக்க வேண்டும். அந்த அளவிலேயே கட்டுபவர்கள் உண்டு, 18.2 மி.மீ.யில் கட்டுபவர்களும் உண்டு. ஆனால் ஒவ்வொரு சக்கரத்தையும் மாற்ற வேண்டும், பாயின்ட்டைப் பெரும்பாலும் கையால் கட்ட வேண்டும். முதல் முயற்சிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அதைவிட உறுத்துவது ஸ்லீப்பர் கட்டைகள். சாதாரண பெகோ பாதையில் அவை குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும், ஏனென்றால் அது ஐரோப்பிய அளவில் செய்தது. அதே நிறுவனத்தின் புல்ஹெட் பாதையில் கட்டைகள் தள்ளித் தள்ளி இருக்கும், தண்டவாளத்தைப் பிடிக்கும் இரும்பு நாற்காலிகளும் தெரியும். அந்தக் கால பிரிட்டிஷ் பாதை அதுதான். தண்டவாள உயரம் கோட் 75 (அங்குலத்தில் ஆயிரத்தில் 75 பங்கு), சாதாரண கோட் 75 பாயின்ட்டோடு நேராக இணையும். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செகண்ட் ஹேண்ட் வண்டிகளின் ஆழமான சக்கர விளிம்பு இதில் தட்டும். இப்போது வரும் வண்டிகளுக்குப் பிரச்சினை இல்லை.

தண்டவாள வரைபடத்தில் ஒரு நுணுக்கம்: அந்தக் காலத்தில் பயணிகள் பாதையில் ஓடும் ரயில், எதிர்ப்பட்டுப் பிரியும் பாயின்ட்டை முடிந்தவரை சந்திக்காதபடி அமைத்தார்கள், சைடிங்குகள் பின்னோக்கிப் போய்ச் சேருவதாகவே இருக்கும். சைடிங் பயணிகள் பாதையைச் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு டிராப் பாயின்ட் (trap, பொறி போன்றது) கட்டாயம். தானாக உருண்டுவரும் வேகனை அது தடம்புரளச் செய்து மெயின் லைனைக் காப்பாற்றும். மாடலில் அது வேலை செய்ய வேண்டியதில்லை, ஒற்றைக் கத்தித் தண்டவாளத் துண்டை ஒட்டிவைத்தாலே போதும். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

மின் இணைப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ்பிளேட்டை நம்பி மின்சாரம் கடத்தினால், பெயின்ட்டும் ஜல்லிப் பசையும் உள்ளே இறங்கிய பிறகு ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியாக 7/0.2 மி.மீ. (0.2 மி.மீ. இழை ஏழு) ஒயர் ஒன்றைச் சால்டர் வைத்து, பலகைக்குக் கீழே ஓடும் 32/0.2 மி.மீ. மெயின் ஒயரில் சேருங்கள். சிறிய என்ஜின் பாயின்ட்டின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் மூக்கில் நின்றுவிடும்; அதனால் மூக்கிலும் மின்சாரம் வரும் பாயின்ட்டாக வாங்குங்கள். அதன் இரண்டு உள்தண்டவாளங்களையும் மூக்குக்கு அப்பால் பிளாஸ்டிக் இணைப்பால் பிரிக்காவிட்டால் ஷார்ட் ஆகும். மூக்கின் மின்துருவத்தை மாற்ற மோட்டார்தான் வேண்டும் என்றில்லை. பலகையின் கீழே ஒரு இருவழி நழுவு சுவிட்ச், அதிலிருந்து மேலே பாயின்ட்டுக்கு ஒரு கம்பி, முன்பக்கம் இழுக்க ஒரு தடி. ஒரே அசைவில் பாயின்ட்டும் மாறும், துருவமும் மாறும். டிஜிட்டல் கன்ட்ரோலா, சாதாரண கன்ட்ரோலா என்பது முடிவில்லாத சண்டை. இந்த மாதிரிக் கிளைப் பாதைகள் பலவற்றில் ஒரு சமயத்தில் ஒரே என்ஜின் என்பதுதான் நிஜ விதியே; அதனால் உங்கள் செட்டோடு வந்த கன்ட்ரோலரே தொடங்கப் போதும். ஒலி வேண்டும் என்றால் மட்டும் டிஜிட்டலை யோசியுங்கள்.

பாதை போட்டபின், ஜல்லி கொட்டுவதற்கு முன் ஒரு மாதமாவது ஓட்டுங்கள். எங்கே தடம்புரளுகிறது, எங்கே நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பிறகு எதையும் பிடுங்க முடியாது. நான்கு சக்கர வேகன் தடம்புரண்டுகொண்டே இருந்தால் பாதையைக் குறைசொல்லும் முன் எடை போட்டுப் பாருங்கள்; அச்சுக்கு 25 கிராம் வீதம் 50 கிராம் இருக்க வேண்டும். ஓடுவது உறுதியானதும் தண்டவாளத்தின் இரு பக்கவாட்டையும் துருப்பழுப்பில் பூசி, மேற்பரப்பை உடனே துடையுங்கள். பக்கவாட்டு பளபளவென்று இருக்கும்வரை எந்த ஜல்லியும் நிஜமாகத் தெரியாது.

ஜல்லியில் எல்லோரும் செய்வது பெரிய கல்லை வாங்குவது. நிஜ ஜல்லி 50 மி.மீ. என்றால் மாடலில் அது 0.65 மி.மீ. மட்டுமே. அதனால் "டபுள் ஓ" என்று எழுதிய பாக்கெட்டை விட்டு, ஒரு படி சிறிய "N" அளவுக்கான பாக்கெட்டை எடுங்கள். ஸ்டேஷனின் சரக்கு யார்டு பகுதியில் கல்லே வேண்டாம். அங்கே என்ஜின் சாம்பலைக் கொட்டி மிதித்து இறுக்கியிருப்பார்கள், கரும்பழுப்புச் சாயம் கலந்த டைல்ஸ் கிரவுட் தூள் அதற்குச் சரியாக வரும், கட்டைகள் பாதி மூடியிருக்கட்டும். கல்லை உலர்ந்த நிலையில் கொட்டி, மென்மையான பிரஷ்ஷால் கட்டைகளின் மேலிருந்து தள்ளி, பிறகு நீரோடு ஐசோபுரப்பைல் ஆல்கஹால் கலந்து பனி போலத் தெளியுங்கள். வெள்ளைப் பசையும் நீரும் சம அளவு, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, சொட்டுக்குழாயால் விடுங்கள். அந்தத் திரவம் இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக உருண்டு கல்லையும் இழுத்துக்கொண்டு பள்ளம் விழும். பாயின்ட்டின் நகரும் கத்திக்கும் அதன் குறுக்குப் பட்டைக்கும் பக்கத்தில் பசை போகவே கூடாது. அங்கே நாலைந்து கல் மட்டும், அதுவும் குச்சியால் தொட்டு வைத்தது.

இனி நிலம். மண்கரையும் வெட்டுப் பள்ளமும் ஒன்றரைக்கு ஒன்று அல்லது இரண்டுக்கு ஒன்று என்ற சரிவில்தான் நிற்கும், அதற்கு மேல் செங்குத்தாக வைத்தால் மண் சரியும். 60 மி.மீ. உயரக் கரை என்றால் ஒவ்வொரு பக்கமும் 90 முதல் 120 மி.மீ. அகலம் தின்னும், 600 மி.மீ. அகலம் கேட்டதன் காரணம் இதுதான். 25 மி.மீ. காப்புநுரைத் தகடுகளை அடுக்கி ரொட்டிக் கத்தியால் செதுக்குங்கள். கரைப்பான் கலந்த பசை நுரையைக் கரைத்துவிடும், வெள்ளைப் பசையே போதும். மேலே பிளாஸ்டர் துணி இரண்டு அடுக்கு, அதன் மேல் மண் நிறம். வெள்ளையாக விட்டுவிட்டால் நாளைக்கு ஒரு மூலை உடையும்போது பல் மாதிரி தெரியும்.

வரப்புகளை ரயிலுக்கு இணையாகப் போடாதீர்கள். முன்னே சொன்ன விஷயம் கண்ணுக்குத் தெரியப்போவது இங்கேதான். டெவனின் வேலிகள் பல ரயிலைவிட நூற்றாண்டுகள் பழையவை. பாதை சாய்வாக வெட்டிப் போனதால், ஒரு பக்கம் நின்றுபோன வேலி மறுபக்கம் அதே கோட்டில் தொடர வேண்டும். நடுவில் உழவும் முடியாத, மேய்க்கவும் தோதுப்படாத முக்கோணத் துண்டு ஒன்று மிஞ்சும். நிலம் இரண்டாகிப்போன விவசாயிக்கு மாடு ஓட்டிப்போக ஒரு சின்னப் பாலமோ, இரு பக்கமும் கேட் வைத்த வழியோ இருக்கும். பென்சிலால் பலகையில் முதலில் வயல்களை வரைந்து, பிறகு அதன் மேல் பாதையை வரைந்து பாருங்கள். இந்த முக்கோணங்கள் தானாக வரும். பாதையின் இரு பக்கமும் இடைவெளியில்லாமல் ரயில்வே வேலி ஓட வேண்டும், 1845ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிறுவனங்களின் கடமையாக்கியது. 16 முதல் 18 மி.மீ. உயரத் தூண்கள், கம்பிக்கு மெல்லிய எலாஸ்டிக் நூல்; கை பட்டாலும் அறாது. அலுப்பான வேலைதான். ஆனால் வேலி இல்லாத ரயில்பாதை இங்கிலாந்து போலவே தெரியாது.

புல்லுக்கு வருகிறேன். இன்றைக்கு எடுத்த படத்தைப் பார்த்துச் செய்தால் ஏமாந்துபோவீர்கள். இன்று பாதையின் இரு பக்கமும் மரங்கள் சுரங்கம் போல மூடியிருக்கும். நீராவிக் காலத்தில் அப்படி இல்லை. என்ஜின் பொறி பட்டுத் தீப்பிடிக்கும் என்பதால் பாதைத் தொழிலாளர்கள் கரையை வெட்டியும் கொளுத்தியும் வெறும் புல்லாகவே வைத்திருந்தார்கள். மரங்கள் வேலிக்கு அப்பால்தான். அங்கங்கே கருகிய திட்டு ஒன்றை வைத்தால் காலமே வந்துவிடும்.

நிலைமின் கருவியில் தூவும் நார்ப்புல்லை மூன்று நீளத்தில் வாங்குங்கள்: 2, 4, 6 மி.மீ. ஆடு மேய்ந்த வயலுக்கு 2 மட்டும், சீராக. ரயில் கரைக்கு 2 அடியில், மேலே 4 திட்டுத் திட்டாக. வேலியடிக்கும் கேட் தூணடிக்கும் மட்டும் 6, ஏனென்றால் அரிவாள் எட்டாத இடம் அது. பச்சையை அப்படியே போடாதீர்கள். நான்கில் ஒரு பங்கு வைக்கோல் நிறம் கலக்குங்கள், கரையில் பாதிக்குப் பாதி கூடப் போகலாம். இந்த விகிதம் என் கண்ணுக்குச் சரிப்பட்டது, உங்கள் விளக்குக்கு வேறாகலாம். புல் நிற்காமல் படுத்துவிடுகிறது என்று பலர் கருவியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: பசை மேலாடை கட்டிவிட்டது, நார் ஈரம் குடித்திருக்கிறது, அல்லது கருவியின் கிளிப் ஈரப் பசையைத் தொடவில்லை. ஒரு கைக்குட்டை அளவுக்கு மட்டும் பசை தடவி, கிளிப்பின் ஆணியை அந்தப் பசையிலேயே குத்தி, கருவியை 2 செ.மீ. உயரத்தில் பிடித்து ஆட்டுங்கள். உலர்ந்ததும் மிஞ்சியதை வாக்வம் குழாயில் காலுறைத் துணி கட்டி உறிஞ்சி எடுத்தால் மறுபடி பயன்படும்.

உயிர்வேலிக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்த் தகட்டை 10 மி.மீ. அகலத்தில் வெட்டி, 16 முதல் 20 மி.மீ. உயரம் வைத்து, விரலால் பிய்த்துக் கலைத்து, பசை தெளித்து, மிக நுண்ணிய இலைத்தூளில் புரட்டலாம். ரப்பர் ஏற்றிய குதிரைமயிர் கிடைத்தால் இன்னும் நல்லது. டெவன் என்றால் வேலிக்கு அடியில் 10 மி.மீ. மண்மேடு கட்டாயம். மாடு நுழைந்து நுழைந்து அடிப்பக்கம் தேய்ந்த ஓட்டை, பழைய கட்டிலின் இரும்புச் சட்டத்தை வைத்து அடைத்த இடம், 40 மி.மீ. அகல கேட், அதன் முன்னால் மிதிபட்டுச் சேறான தரை: ஒரு வேலிக்கு இதில் இரண்டு போதும்.

மரங்கள் எல்லோரிடமும் குட்டையாக இருக்கும். 65 அடி ஓக் மரம் 260 மி.மீ. வர வேண்டும், கடையில் விற்பது பாதிதான். 1955இல் டெவன் வேலிகளில் எல்ம் மரங்கள் நிற்க வேண்டும், அவை 100 அடியைத் தாண்டும், அதாவது 400 மி.மீ. 1960களின் பிற்பகுதியில் பரவிய எல்ம் நோய் அவற்றை ஏறக்குறைய துடைத்துவிட்டதால் இன்று யார் நினைவிலும் இல்லை. முழு உயரத்தில் ஒன்றே ஒன்று, ஸ்டேஷனைவிட்டுத் தள்ளி, வேலியில். மற்றவை பின்னால் போகப் போகச் சிறியதாக. பூக்கடைக்காரர்களின் மெல்லிய கம்பி 30 இழைகளை முறுக்கி, மேலே போகப் போகப் பிரித்து, பசையில் குழைத்த ஃபில்லர் தடவி, சாம்பல் கலந்த நிறம் பூசுங்கள். மரப்பட்டை சாக்லேட் நிறத்தில் இருப்பதில்லை. இலையைக் கொத்துக் கொத்தாக வைத்து நடுவில் வானம் தெரிய விடுங்கள்.

கட்டடங்களைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் மெட்கால்ஃப், ரேஷியோ, வில்ஸ் ஆகியோர் விற்கும் கட்டட கிட் பெட்டிகளில் படத்தோடு எல்லாம் இருக்கிறது. நடைமேடை தண்டவாள மட்டத்திலிருந்து 12 மி.மீ. உயரம். எந்தக் கட்டடத்தையும் தரை மேல் வைக்காதீர்கள், 2 மி.மீ. புதையுங்கள், சுவருக்குக் கீழே மெல்லிய நிழல்கோடு தெரிந்தாலே அது மேசையில் வைத்த பெட்டி ஆகிவிடும். சரக்கு ஷெட், நிலக்கரி குவிக்கும் தடுப்பு, மாடு ஏற்றும் மேடை, எடைமேடைக் குடில் இருந்தால் ஸ்டேஷன் முழுமை. சர்ச், பப் இரண்டையும் எடுத்துவிடுங்கள். கிராமத்து ஸ்டேஷன் பலவும் ஊரிலிருந்து தள்ளித்தான் இருந்தன. பாட்மின் ரோடு ஸ்டேஷன் பாட்மின் ஊரிலிருந்து மூன்று மைலுக்கும் மேல். சர்ச் கோபுரம் வேண்டுமென்றால் பின்திரையில் விரல்நகம் அளவில், மங்கலாக.

பின்திரையில் ஃபோட்டோ ஒட்டுவதா, வரைவதா என்பது அவரவர் விருப்பம். எனக்கு வரைந்த மங்கலான மலைக்கோடுதான் பிடிக்கும். ஃபோட்டோ முன்னாலிருக்கும் புல்லோடு போட்டி போடும். எதுவானாலும் தொடுவானம் உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும், மூலை வளைவாக இருக்கட்டும், தூரம் போகப் போக நிறம் வெளிறிச் சாம்பல் நீலமாகட்டும். விளக்கு 4000 கெல்வின் அளவில் ஒரே வகை எல்இடி. நிறங்களை அந்த விளக்கின் கீழேயே கலக்குங்கள். பகலில் ஜன்னலடியில் கலந்தது இரவில் மாறித் தெரியும்.

தொடங்கும் முன் ஒருநாள் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் லாங் விட்டனம் கிராமத்திலுள்ள பென்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். ராய் இங்லண்ட் தொடங்கிய இடம். 1930களின் ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கு அங்கே உங்கள் அளவிலேயே கட்டப்பட்டிருக்கிறது. எல்லோரும் கூரை வேய்ந்த குடிசைகளைத்தான் குனிந்து பார்ப்பார்கள். நீங்கள் வயல் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறது, ரயில் எவ்வளவு சிறியதாகத் தெரிகிறது என்று பாருங்கள். திரும்பி வந்ததும் 300 மி.மீ. சதுர நுரைத்துண்டு ஒன்றில் ஓரடித் தண்டவாளம், ஜல்லி, கரைச் சரிவு, வேலி, மூன்று வகைப் புல், ஒரு கேட் அனைத்தையும் செய்து பாருங்கள். பசை எவ்வளவு நேரத்தில் ஆடை கட்டுகிறது, உங்கள் விளக்கில் எந்தப் பச்சை கத்துகிறது, கரை எங்கே செங்குத்தாகிவிடுகிறது என்பது எல்லாம் அதில் தெரிந்துவிடும். அந்தத் துண்டின் படத்தை இங்கே போட்டால், பலகை வெட்டும் முன் எதை மாற்ற வேண்டும் என்று சொல்கிறேன்.